தெரியாது என்று சொல்லாத கருவி

தம்பிதுரை தன் கம்பெனியில் யாரையும் ‘நீ’ என்று கூப்பிட்டதில்லை. சூலூர்ப் பக்கம் அவருடைய தோட்டத்தில் தண்ணீர் கட்டிய கருப்புசாமிக்கு மட்டும் காலமெல்லாம் ‘டேய்’தான். அதே கருப்புசாமியின் மகன் எழில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கேட்டு வந்து நின்றபோது, “வாங்க எழில், உக்காருங்க” என்றார். அந்த ஒரு ‘வாங்க’வில் எழில் விழுந்துவிட்டான். அப்பனை டேய் போட்ட வாய் தன்னை வாங்க என்கிறதே என்று உச்சி குளிர்ந்துபோய் மாடாக உழைத்தான். வாய்தான் மாறியது, ஆள் மாறவில்லை என்பது அவனுக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

கம்பெனி காந்திபுரத்தில் இருந்தது. பல்லடத்துத் தறி முதலாளிகளுக்கும் ஈரோட்டு மஞ்சள் மண்டிகளுக்கும் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுப்பது தொழில். நடுவில் ஒரு பெரிய மிஷின், சுற்றிலும் கணக்கர்களுக்கு ஏழெட்டுத் திரைகள். அந்தத் திரைகளை மிஷினோடு சேர்ப்பது ஒரு கார்டு; கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை எழுதியவன் எழில். கணக்கையெல்லாம் டேப்பில் நகல் எடுக்கும் டிரைவரை எழுதியவன் கிருபாசங்கர். இவன் தம்பிதுரைக்கு அக்கா மகன், அவருடைய மகளைக் கட்டிக்கொள்ளப்போகிறவன்.

இந்த மிஷின்களுக்கு ஒரு வியாதி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று செத்துப்போகும். எதனால் என்று பார்க்க எழில் ஒரு கருவி எழுதினான். சாகிற நொடியில் மிஷினின் நினைவில் இருந்ததை அப்படியே பிடித்துவைத்து, பிறகு கிளறிப் பார்த்து, இன்ன டிரைவரின் கோளாறு என்று பெயர் சொல்லும். ஆபீசில் அதற்குப் போஸ்ட்மார்ட்டம் என்று பெயர் வைத்தார்கள். நல்ல கருவி. ஆனால் மிஷினை உள்ளிருந்து ஆளும் கெர்னல் என்ற புரோகிராம் அடிக்கடி புதிதாக வரும், வரும்போதெல்லாம் உள்ளே சாமான்கள் இடம் மாறியிருக்கும். சமையலறையை இடித்துக் குளியலறை கட்டிய வீட்டுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நுழைந்தவன் கதிதான் பழைய கருவிக்கு. அதனால் எழில் அதற்கு ஒரு நல்ல பழக்கம் கொடுத்திருந்தான். பழக்கமில்லாத கெர்னலைக் கண்டால், ‘இது எனக்குத் தெரியாது’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும். அப்புறம் அவன் உட்கார்ந்து புது இடங்களைக் கண்டுபிடித்து அதற்குச் சொல்லிக் கொடுப்பான்.

ஈரோட்டு மண்டிக்காரர் லட்சுமணசாமியின் கண்முன்னால் ஒருநாள் அது அப்படி நின்றது. “ஏனுங்க, உங்க டாக்டருக்கே தெரியாதுங்களா?” என்று அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத் தம்பிதுரையால் செரிக்க முடியவில்லை.

“தெரியாதுன்னு சொல்றதுக்கு நாம எதுக்குங்க எழில்? ஏதோ ஒரு பேரைச் சொல்ற மாதிரி பண்ணிப்போடுங்க.”

“தப்பாச் சொல்லிப்போடுமுங்க.”

“அட, அப்பறம் சரி பண்ணிக்கலாமுங்க.”

வாங்க என்று சொன்ன வாயை மறுத்துப் பேச எழிலுக்கு நாக்கு எழவில்லை. தடுப்பை எடுத்துவிட்டான். நிச்சயமாகத் தெரியாதபோது, அருகில் தட்டுப்படுகிற பெயரைச் சொல்லும்படி கருவியை மாற்றினான். அவன் செய்த மடத்தனம் இது ஒன்றுதான். இந்த ஊரில் அவனைப் போன்றவனுக்கு ஒன்றே போதும்.

தொண்ணூற்றாறில் புதுக் கெர்னல் வந்தது. எழில் கருவியைத் திருத்துவதற்குள், பெரிய ஆளாக வேண்டும் என்ற அவசரத்தில் கிருபாசங்கர் அந்தக் கெர்னலை லட்சுமணசாமியின் மண்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டான். ஏலம் நடந்துகொண்டிருந்தபோது மிஷின் செத்தது. அன்றைய ஏலக் கணக்கு மொத்தமும் போயிற்று. வியாபாரிகள் கூச்சல் போட, போஸ்ட்மார்ட்டத்தை ஓட்டினார்கள். எழிலின் கார்டு டிரைவர்தான் காரணம் என்று அது துளியும் தயங்காமல் சொன்னது.

எழில் பதறவில்லை. ஆபீஸ் மிஷினில் புதுக் கெர்னலைப் போட்டு, கார்டையே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, டேப் நகலை மட்டும் ஓட்டினான். மிஷின் செத்தது. கருவியைக் கேட்டால், மேசைமேல் கிடந்த கார்டின் டிரைவர்தான் கொன்றது என்றது.

“பாத்தீங்களா கிருபா? கார்டே உள்ள இல்லீங்க!”

“அட, ஆமாங்க” என்று பக்கத்தில் நின்ற கிருபாசங்கரும் சிரித்தான்.

எழில் புதுக் கெர்னலைத் துருவித் துருவிப் பார்த்துக் கருவியைத் திருத்தி முடித்தான். ஈரோட்டு மிஷின் செத்த நொடியில் பிடித்துவைத்ததை மறுபடி அதற்குக் கொடுத்தான். டேப் டிரைவர் என்று பதில் வந்தது. அப்பாடா என்று முதலாளியிடம் ஓடினான்.

தம்பிதுரை இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். “எழில், போன வாரம் அது உங்க பேரைச் சொல்லுச்சுங்க. நீங்க கை வெச்சதுக்கப்பறம் நம்ம மாப்பிள்ளை பேரைச் சொல்லுதுங்க. நான் என்னன்னு எடுத்துக்கறதுங்க?”

“கெர்னல் மாறிப்போச்சுங்க. அதுக்குத் தக்கன மாத்தினேனுங்க. கார்டைக் கழட்டி வெச்சும் என்ற பேரைத்தானுங்க சொல்லுச்சு. கிருபாவே பாத்தாருங்க.”

தம்பிதுரை திரும்பினார். கிருபாசங்கர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“நான் சரியாக் கவனிக்கலீங்க மாமா.”

“பொய் சொல்றாருங்க!” எழில் எழுந்தேவிட்டான்.

“மெதுவாப் பேசுங்க எழில். உங்கொப்பன் நம்ம தோட்டத்துல ஒருநாளும் சத்தம் போட்டதில்லீங்க.”

காபி வரவழைத்து, குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதையும் அதே மரியாதையோடு சொன்னார். வேலை பார்த்ததற்கு அனுபவச் சான்றிதழ் கேட்டபோது, “அப்பறம் பாக்கலாமுங்க” என்றார்.

சான்றிதழ் இல்லாதவனைக் கோயமுத்தூரில் எவனும் சேர்க்கவில்லை. சூலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்து எழில் காலம் தள்ளினான். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அன்புச்செல்வியைக் கட்டிக்கொண்டான். தொண்ணூற்றொன்பதில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவனைத் தேர்வு செய்தது. கெர்னல் மாற மாறப் போஸ்ட்மார்ட்டக் கருவியையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வேலை. அவனுக்கென்றே செய்த வேலை. பழைய கம்பெனியின் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்கள்.

அந்தச் சேதி எப்படியோ காந்திபுரத்துக்கும் போயிருக்க வேண்டும். ஒருநாள் கிருபாசங்கர் காரில் வந்து இறங்கினான். இன்னொரு புதுக் கெர்னல் வந்திருந்தது. அதில் எழிலின் பழைய கருவி அசையவே மாட்டேன் என்றதாம். எழில் போன கையோடு, அவன் திருத்தியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதையே இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார்கள்.

“மாமா சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கறாருங்க. புதுக் கெர்னலுக்கு ஓடற மாதிரி பண்ணிக் குடுத்துப்போடுங்க. ஒண்ணே ஒண்ணு, டேப்புல மிசினு செத்தா மட்டும் அதே பேரு வரோணுமுங்க.”

“எந்தப் பேருங்க?”

“உங்க டிரைவரு பேருதானுங்க. எழுதினவரு இப்ப நம்மகிட்ட இல்லீங்கன்னு சொன்னா கஸ்டமருங்க அடங்கிக்கறாங்க.”

அவன் முகத்தில் வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. மூன்று வருஷத்தில் அந்த டேப் டிரைவரை ஒழுங்காக எழுதக்கூட அவனுக்குத் துப்பில்லை.

“இதைச் செஞ்சு குடுக்கறதுக்குப் பதிலா, நாலு பேருக்கு ஊசி போட்டு நானே உங்களையும் காப்பாத்திப்போடுவேன்” என்று எழிலிடம் சொன்னாள் அன்புச்செல்வி. எழில் பெங்களூரிலிருந்து வந்த தபாலை எடுத்துக் காட்டினான். அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

செய்து கொடுத்தான். முன்பு அந்தக் கருவி அறியாமல் அவன் பெயரைச் சொன்னது. மற்றக் கோளாறுகளுக்கு உண்மையும் டேப் கோளாறுக்குப் பொய்யும் வேண்டும் என்றால், கருவிக்கு முழு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். எழில் கெர்னலின் ஒவ்வொரு இடத்தையும் பிசகாமல் கண்டுபிடித்துக் கொடுத்தான். இப்போது அது டேப் டிரைவர்தான் என்று சரியாகத் தெரிந்துகொண்டு, அதை மறைத்துவிட்டு, எழிலின் பெயரை எழுதியது. அவன் எழுதியதிலேயே நேர்த்தியான வேலை அதுதான். சான்றிதழ் கைக்கு வந்தது. அதில் அவனைப் பற்றி நல்ல வார்த்தைகளே இருந்தன.

சில நாள் கழித்துப் பெங்களூர் அதிகாரி கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன் செய்தார். தமிழ்க்காரர், நயமாகவே பேசினார்.

“சான்றிதழ் பார்த்தோம். வழக்கப்படி உங்க பழைய முதலாளிகிட்டயும் பேசினோம். ரொம்ப மரியாதையான மனுஷன், உங்களைப் பத்திக் குறையே சொல்லலை. ஆனா நீங்க எழுதின டிரைவர்தான் இன்னும் அங்கே மிஷினைச் சாகடிக்குதாமே? போன வாரம்கூட அவங்க கருவி அப்படித்தான் சொல்லுச்சாம். அந்தக் கருவி யார் எழுதினது?”

“நான்தானுங்க சார்.”

“அது சொல்றதை நம்பலாமா?”

நம்பக்கூடாது என்றால், பொய் சொல்லும் கருவியைத் தெரிந்தே செய்து கொடுத்தவன் ஆகிறான். அவனை அதே வேலைக்கு எந்தக் கம்பெனி எடுக்கும்? நம்பலாம் என்றால் அவன் எழுதிய டிரைவர்தான் கொலைகாரன். இரண்டில் ஒரு பெயரையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று எழில் நினைத்தான்.

“நம்பலாமுங்க சார். அது சரியாத்தானுங்க சொல்லும்.”

அதிகாரி நன்றி சொன்னார். தகவல் அனுப்புகிறோம் என்று சொல்லிப் போனை வைத்தார். பெங்களூரிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை.