சுதனை லோஞ்சில் கொண்டுவந்த நாள்

காலை ஏழு மணிக்கே திருகோணமலை இறங்குதுறையில் வரிசை நீண்டிருந்தது. தாதியான நான், தாய்மாருக்கு ஊட்டச்சத்து வகுப்பு எடுக்க மூதூருக்குப் புறப்பட்டிருந்தேன். கடற்படைக்காரர் என் பையிலிருந்த பயறையும் சத்துமாவையும் கொட்டிக் கிளறினார்கள். இவ்வளவும் யாருக்கு என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு என்றேன். பாதியைத்தான் விட்டார்கள்.

கொட்டியார் குடாவைக் கடக்கும்வரை லோஞ்ச் படகில் எல்லாரும் கரையையே பார்த்திருந்தோம். முந்திய இரவு கரையோரம் ஷெல் குண்டு விழுந்திருந்தது.

மூதூரில் வழக்கமாக என்னை ஏற்றிப்போகும் றசீது நானா உழவு இயந்திரத்தோடு காத்து நின்றார். "ரெண்டு மணிக்குள்ள திரும்பிரணும் மிஸ்ஸி. பொறகு ரோட்ட மூடிருவாங்க" என்றார்.

இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலையில் பயறும் முருங்கையிலையும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் காட்டினேன். கடலுக்குப் போகத் தடை. அங்கே மீனைக் கண்டு மாதக்கணக்காகிவிட்டது. எலும்பும் தோலுமான பிள்ளைகளுக்கிடையே மூன்று வயதுச் சுதன் மட்டும் உப்பிய கன்னங்களோடு சோர்ந்து இருந்தான்.

"என்ர பிள்ளைதான் மிஸ்ஸி. இஞ்ச வந்தாப்பிறகுதான் உடம்பு வைச்சவன்" என்றாள் அவன் தாய் மலர், பெருமையோடு.

அவன் பாதத்தில் பெருவிரலை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

"இது சதையில்லை மலர், நீர். என்ன சாப்பிடுறவன்?"

"அரிசிக் கஞ்சிதான். இப்ப அதையும் வேண்டாமெண்டுறான்."

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

"எனக்கு ஏலாது. ஓடி வரேக்க ஐசி அட்டையைத் துலைச்சிட்டன். பிடிச்சுப்போடுவாங்கள். நீங்களே கொண்டுபோங்கோ."

"நீங்கள் இல்லாட்டில் பிள்ளை ஒரு வாய் வாங்க மாட்டான். நான் கூட நிப்பன், வாங்கோ."

அவள் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மூதூர் இறங்குதுறையில் மறித்தார்கள். "மகன் நல்ல குண்டு. உடம்புக்கு என்ன வருத்தம்?" என்றான் சிப்பாய், உடைந்த தமிழில். சுதனின் கணுக்காலை அழுத்திக் காட்டினேன். சிப்பாயின் சிரிப்பு நின்றது. அதிகாரியைக் கூப்பிட்டான். லோஞ்ச் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. மலரிடம் அட்டை இல்லை என்றதும், அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டார்.

"இவ திரும்பி வந்தா தாறன்."

அட்டையில்லாமல் நகரத்துச் சோதனைச் சாவடிகளைக் கடந்து வீட்டுக்குப் போக எனக்குத் துணிவில்லை. சுதனைச் சேர்த்த திருகோணமலை ஆஸ்பத்திரி வார்டிலேயே தங்கினேன்.

சில நாட்களில் வீக்கம் வடிந்தது. உள்ளே ஒளிந்திருந்த விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. மலர் பதறினாள். "வந்ததைவிட மெலிஞ்சிட்டானே. என்ன செய்தனீங்கள் மிஸ்ஸி?"

இதுதான் அவனுடைய உண்மையான உடம்பு. அவன் பாதத்தை மறுபடி அழுத்திக் காட்டினேன், குழி விழவில்லை.

மறுநாள் காலை கட்டிலருகே இருந்து பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். சுதன் தாயின் மடியிலிருந்து என் கையையே பார்த்தான். பிறகு மெல்லக் கையை நீட்டினான்.

"எனக்கும்."