நாலாம் மாடியில் கேட்ட குருவி

எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் கோபன்ஹேகனில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்துத் தந்திருந்தாள். நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ரயிலில் போய் இறங்கினோம். நகரத்துக்கு நடுவே இருந்தாலும் காட்டுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லியிருந்தாள். உண்மைதான். நாலாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் நடைவழி முழுக்கப் பறவைச் சத்தம். சுவரெல்லாம் பச்சைப் பாசி. தொட்டுப் பார்த்தேன். உயிருள்ளதா, சாயம் போட்டதா என்று பிடிபடவில்லை.

அறைக்குள் போனதும் இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டார். எனக்கு அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மறதி நோய்க்காரருக்கு நாங்களும் பறவைச் சத்தம் போட்டுவிடுவோம். ஒலிப்பதிவென்றால் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரி வரும். இங்கேயும் அப்படித்தான் வந்தது. ஆனால் ஒரு குருவி மட்டும் அந்த வரிசையில் சேராமல், நினைத்த நேரத்தில் கத்தியது.

இவரிடம் சொன்னேன். லீவிலும் எனக்கு வேலை நினைப்புத்தான் என்றார்.

கீழே வரவேற்பில் மகளின் வயதில் ஒரு பெண் நின்றாள். சுவருக்குள் குருவி இருக்கிறது என்று டேனிஷில் சொன்னேன். அது ஸ்பீக்கர் என்றாள் சிரித்தபடி. அது இல்லை என்றேன். சத்தம் சிலருக்கு ஒத்துவராதுதான் என்று மன்னிப்புக் கேட்டு, நடைவழிக் கடைசியில் இருக்கும் அமைதியான அறையின் சாவி அட்டையைத் தந்தாள். நான் முறைப்பாடு செய்ய வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏனோ நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பெட்டிகளை மாற்றினோம். புது அறையில் ஒரு சத்தமும் இல்லை. அங்கேதான் என் காதில் எனக்கே சந்தேகம் வந்தது. வீட்டில் சமைக்கும்போது இல்லத்து அழைப்புமணி கேட்பதாக நினைத்து அடுப்பை அணைத்திருக்கிறேன். இதுவும் அப்படியோ?

அரைமணி நேரம் பொறுத்துவிட்டுத் திரும்பக் கீழே போனேன். ஒரே ஒரு நிமிடம் அந்தச் சத்தத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவள் திருத்த வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டு, அவரோடு மேலே வந்தாள். இவரும் எழும்பி வந்தார். சத்தம் நின்றது. நாங்கள் நாலு பேரும் நடைவழியில் நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். என் முகம் சுட்டது.

அப்போது பாசிக்குக் கீழே கீச்சென்று ஒரு குரல்.

அந்த மனிதர் சுவரின் அடிப்பலகையைக் கழற்றினார். தூசி படிந்த ஒரு சிட்டுக்குருவி. துவாயில் சுற்றிக் கீழே முற்றத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அது எப்படி உள்ளே வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டடத்தில் ஜன்னல்கள் திறக்காது. அந்தப் பெண் நன்றி சொன்னாள். பிறகு பறவைச் சத்தத்தைத் திரும்பப் போட்டார்கள்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் ஒரு கதவில் அட்டையைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு நின்றேன். சிவப்பு விளக்கே எரிந்தது.

"இஞ்சால வாரும்," என்றார் இவர் நடைவழிக் கடைசியிலிருந்து. "அது இப்ப எங்கட அறையில்லை."

பின்னேரம் மகள் ஃபோன் எடுத்தாள். இவர்தான் கதைத்தார். குருவிக் கதையைச் சொன்னார். அவர் சொன்னபடி, முதலில் அதைக் கேட்டது அவர். நான் மறுக்கவில்லை. முதல் அறையில் படுத்திருந்தபடி அவரும் ஏதோ சொன்ன மாதிரித்தான், அவர் கதைக்கக் கேட்டபோது எனக்கும் தோன்றியது.