போகாது

கடைக்குள் வருகிறவரின் முகத்தை அவர் முதலில் பார்ப்பதில்லை. சட்டையைத்தான் பார்க்கிறார். காலர், கைமுனை, பை, கடைசியாக வயிற்றுப் பக்கம். இந்த வரிசை முடிந்த பிறகே கண்ணை உயர்த்தி, "வாங்க சார், சௌக்கியமா?" என்கிறார். அதற்குள் நேற்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், பேருந்தில் எந்தக் கம்பியில் சாய்ந்து நின்றீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. என்னைப் போன்ற ஆட்களுக்கு அந்தக் கடைக்குப் போவது டாக்டரிடம் நாக்கை நீட்டுவது மாதிரிதான்.

சலவைக்கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதுக்கு இரண்டு குறைவு. ஒடிசலான உடம்பில் எப்போதும் வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பழைய டூத்பிரஷ். கறை தேய்க்க வைத்துக்கொண்டது, இப்போது ஆறாவது விரலாகிவிட்டது. எதிரே நிற்பவர் சட்டையில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், பேச்சு பாதியில் நிற்கும், பிரஷ் தானாகக் கிளம்பும். ஒரு தடவை ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரியின் மார்பையே தேய்த்துவிட்டாராம். "கோச்சுக்கிட்டாரு சார். ஆனா கறை போயிடுச்சுல்ல?" என்று இன்றைக்கும் நியாயம் பேசுகிறார்.

"கறைங்கறது ஒரு திமிரு சார். இடம் குடுத்தோம்னா சம்மணம் போட்டு உக்காந்துக்கும்." இது அவருடைய வேதாந்தம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டுவிடுகிறேன்.

கடையில் சீட்டுக் குத்தும் வேலை அவருடைய மனைவிக்கு. வருகிற துணிக்கெல்லாம் நம்பர் எழுதி வெள்ளைச் சீட்டு. துவைத்தும் விடாத கறைக்குச் சிவப்புச் சீட்டு. அதில் ஒரே ஒரு வார்த்தை: 'போகாது'. அதைக் குத்திவிட்டால் அந்தத் துணி அப்படியே சொந்தக்காரரிடம் திரும்பிப் போகும். அந்த அம்மாவின் கைப்பையில் வீட்டுச் சாவி இல்லாமல் இருந்தாலும் இருக்கும், இரண்டு நிறச் சீட்டும் ஊக்கும் இல்லாமல் இருக்காது. அவர் சிவப்பைக் குத்துவார், நம்மவர் அவர் பார்க்காத நேரத்தில் அதைப் பிடுங்கி எறிவார். "இன்னும் ஒரு தண்ணி பாத்துடறேன்மா." "பாத்தது போதுங்க. ஊர்ல இருக்கற சோப்பெல்லாம் இதுக்கே தீந்துடும் போல." இந்தச் சண்டை அந்தக் கடையின் கடிகார ஓசை மாதிரி, நின்றால்தான் ஏதோ குறைகிறது என்று தோன்றும்.

என் சட்டைக்கும் இந்த யோகம் வாய்த்தது. பேனா கசிந்து பை முழுக்க மை. மூன்று தடவை சிவப்புச் சீட்டு விழுந்து மூன்று தடவையும் நம்மவர் பிடுங்கிவிட்டார். ஒன்பதாம் நாள் வெற்றி முகத்தோடு சட்டையை நீட்டினார். மை போயிருந்தது. கூடவே பையும் போயிருந்தது. அந்த இடத்தில் வேறொரு வெள்ளையில் புதுப் பை தைத்திருந்தார். "கறை எங்க, காட்டுங்க பாப்போம்?" என்றார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறார் என்றால் கதை விடுகிறேன் என்பீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்தயக்காரரின் சட்டை துவைக்க வந்ததாம். அதிலிருந்த மண் எதற்கும் மசியவில்லை. "இப்படி ஒரு மண்ணு எங்கதான் இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னு போனேன் சார்" என்கிறார். மண்ணைப் பார்க்கப் போனவர் வண்டியோடு திரும்பினார்.

பந்தயத்துக்கும் வெள்ளைச் சட்டைதான். "நம்ம கடைக்கு அதைவிட விளம்பரம் உண்டா?" அங்கே அவருக்கு வெள்ளைச்சட்டை என்றே பெயர். ஆறு வருஷத்தில் ஒரு பந்தயத்தைக்கூட அவர் முழுசாக ஓட்டி முடித்ததில்லை. வண்டி மேல் குற்றமில்லை. கை கால் மேலும் இல்லை. குற்றமெல்லாம் கறை மேல்.

விஷயம் இதுதான். ஓட்டுகிறவர்கள் கண்ணுக்கு மாட்டுகிற கண்ணாடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். சேறு அப்பிப் பார்வை மறைந்தால் மேல்தாளை உரித்து எறிந்துவிட வேண்டும், அடியில் புதுத்தாள் பளிச்சென்று இருக்கும். பந்தயம் ஏழு சுற்று, தாளும் ஏழு. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஒரு பெரிய சேற்றுப் பள்ளம் உண்டு, 'தொட்டி' என்கிறார்கள். அதில் இறங்கி ஏறுகிறவர் தலை முதல் கால் வரை குளித்துத்தான் வருவார். அதனால் தொட்டியைத் தாண்டித் தாண்டி ஒவ்வொரு தாளாக உரிக்க வேண்டும். கணக்குத் தெரியாதவர்கூட உரித்துவிடலாம். நம்மவருக்கு முடியாது. கண்ணுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் ஒரு புள்ளி ஒட்டியிருக்க, அதைச் சும்மா விடுவதா? மூன்று சுற்றுக்குள் ஏழையும் உரித்துவிடுவார். அப்புறம் வெறும் கண்ணாடி மேல் சேறு. கையுறையால் துடைத்தால் அது இன்னும் பூசிக்கொள்ளும். வேறு வழியில்லாமல் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினால் வெளியே போ என்பது அங்கே சட்டம். கொடிக்காரர் கொடியை ஆட்டுவார், நம்மவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்.

இந்த வருஷத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் கடையிலேயே பஞ்சாயத்து ஆனது. என்னைச் சாட்சிக்கு நிறுத்தினார்கள். துவைத்த சட்டையை வாங்க வந்தவனுக்கு இது தேவையா?

"முழங்கை ஒரு தடவை ஆச்சு, தோள் எலும்பு ஒரு தடவை ஆச்சு" என்றார் அந்த அம்மா. "விழுந்தா விழட்டும் சார், எல்லாரும்தான் விழறாங்க. விழுந்தப்புறம் ஒரு நிமிஷம் அசையாம கெடப்பாரு பாருங்க, அந்த ஒரு நிமிஷம் எனக்கு உசுரு உசுரா இருக்காது. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

நம்மவர் இஸ்திரி மேசை மேல் கை வைத்தார். "சரி. இந்தத் தடவையும் முழுசா முடிக்கலேன்னா வண்டியை வித்துடறேன். சார் சாட்சி."

"முடிச்சீங்கன்னா அதுக்கப்புறம் இதப்பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். அதுக்கும் சார்தான் சாட்சி."

அந்த அம்மா வாயைத் திறக்காமல் இருப்பார் என்பதை நான் நம்பவில்லை. நம்மவர் முடிப்பார் என்பதையும் நம்பவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு அந்த மைதானத்தைப் பார்க்க வேண்டுமே! மண் எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. சனிக்கிழமை ஒத்திகையில் நம்மவர் இரண்டு தடவை விழுந்தாராம். அதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கமே இல்லை, "ரெண்டும் ஒரே எடத்துல சார், அதனால அந்த எடம் எனக்கு இப்ப நல்லாத் தெரியும்" என்றார். கொட்டகையில் அந்த அம்மாதான் அவருடைய கண்ணாடிக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் நீவி, மூலைக்கு மூலை சேர்த்து, கல்யாணப் பட்டுப் புடவை மடிக்கிற பதனத்தோடு ஏழும் ஒட்டினார். தோற்க வேண்டும் என்று நினைக்கிறவர் செய்கிற வேலையாக அது எனக்குப் படவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் பந்தயம். பதினான்கு பேர். பக்கத்து வண்டியில் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். "என்ன வெள்ளைச்சட்டை, இன்னிக்காவது தாளை மிச்சம் வெப்பீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க உங்க பல்லைப் பாத்துக்கோங்க டாக்டர்" என்றார் நம்மவர்.

கொடி விழுந்தது. பதினான்கு வண்டியும் சேற்றை வாரி ஒன்றன் மேல் ஒன்று இறைத்துக்கொண்டு கிளம்பின. முதல் வளைவு. நம்மவரின் கை மேலே போயிற்று. ஒரு தாள் பறந்தது.

"ஒண்ணு" என்றார் அந்த அம்மா. ஏழு விரல்களை நீட்டி வைத்திருந்தவர் ஒன்றை மடக்கினார்.

தொட்டிக்கு வருவதற்குள் இன்னொன்று. தொட்டியைத் தாண்டி மூன்றாவது. "பாத்தீங்களா சார், நாய் வாலை நிமித்த முடியுமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி நிம்மதி, பாதி என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் நான்காவது பறந்தது. அப்புறம் நம்மவர் ஏதோ நினைவு வந்தவர் மாதிரி மூன்றாம் சுற்று முழுக்கக் கையை எடுக்கவில்லை. நான்காம் சுற்றில் ஐந்தாவது தாள். ஐந்தாம் சுற்றின் தொட்டியில் யாரோ முன்னால் போனவர் ஒரு வாளிச் சேற்றை முகத்தில் அறைய, ஆறாவது.

அந்த அம்மாவின் கையில் ஒரு விரல்தான் மிச்சமிருந்தது.

ஆறாம் சுற்றின் முடிவில் தொட்டியிலிருந்து அவர் எழுந்து வந்தபோது கண்ணாடி முழுக்கச் சேறு. எங்கள் பக்கம் ஊர்ந்து வந்தார். இப்போதே உரித்தால் கடைசிச் சுற்றுக்குப் பார்வை கிடைக்கும். ஆனால் தொட்டி மறுபடியும் வரும், அதற்குப் பிறகு உரிக்க ஒன்றும் இருக்காது. வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதுதான், வண்டியை விற்க வேண்டியதுதான். அவர் கை மேலே எழுந்தது. விரல் தாளின் முனையைத் தொட்டுவிட்டது.

"கிழிக்காதீங்க!"

பக்கத்தில் இடி விழுந்தது போல் திரும்பினேன். அந்த அம்மா சேறு தெறித்த வேலிக் கம்பியைப் பிடித்து ஏறி நின்றிருந்தார். "கிழிக்காதீங்க! அழுக்கு இருந்தா இருக்கட்டும்! தொட்டி தாண்டிக் கிழிங்க!"

"என்னம்மா, கட்சி மாறிட்டீங்களா?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க சார்!"

நம்மவர் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். கை அந்தரத்தில் நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்கு ஒரு வாரம் போலிருந்தது. பிறகு அது மெல்ல இறங்கிக் கைப்பிடியைப் பிடித்தது.

கடைசிச் சுற்றில் அவர் மட்டும்தான். மற்றவர்கள் முடித்துவிட்டோ, முடியாமலோ ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். தாளில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் இடைவெளி இருந்திருக்க வேண்டும், அதன் வழியாகப் பார்க்கக் கோழி மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டே போனார். சனிக்கிழமை இரண்டு தடவை விழுந்த அதே இடத்தில் மூன்றாவது தடவையும் விழுந்தார். நல்லாத் தெரிந்த இடமாயிற்றே!

அசையவில்லை. அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார். மூச்சு விடுகிற சத்தம் கேட்கவில்லை. சேற்றுக்குள்ளிருந்து ஒரு முழங்கால் எழுந்தது. அப்புறம் ஒரு கை. வண்டியை நிமிர்த்தினார், உதைத்தார், உதைத்தார், மூன்றாவது உதையில் அது இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

தொட்டியில் இறங்கியபோது ஆளே தெரியவில்லை. மறுபக்கம் ஏறி வந்தது ஒரு சேற்று உருண்டை. அதிலிருந்து ஒரு கை முளைத்து, ஏழாவது தாளை உரித்துக் காற்றில் விட்டது. உள்ளே இரண்டு கண்கள். நேராக மேட்டைப் பார்த்தன. வண்டி அழுதுகொண்டே ஏறி முடிவுக் கோட்டைத் தாண்டியது.

"வெள்ளைச்சட்டை முடிச்சுட்டாரு!" என்று ஒலிபெருக்கி அலறியது. "வெள்ளை எங்கேன்னுதான் தெரியல!" பல் டாக்டர் எல்லாப் பல்லும் தெரியக் கை தட்டினார். பதினோராவது இடம், பதினோரு பேர்தான் முடித்தார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றி மட்டும் மனித நிறம். முதலில் என் சட்டைக் கையைத்தான் பார்த்தார். அந்த அம்மா பிடித்த இடத்தில் ஐந்து விரலும் சேறாகப் பதிந்திருந்தது. "தேய்க்காதீங்க சார், காயட்டும். செவ்வாய்க்கெழமை கொண்டாங்க" என்றார். பிறகு மனைவியின் எதிரே போய் நின்றார்.

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை.

"ஏம்மா, முடிச்சுட்டேன்."

அந்த அம்மாவின் கண் மட்டும் நிறைந்திருந்தது.

"வாயத் தொறக்க மாட்டேன்னது வண்டியப் பத்தித்தானே, வேற ஏதாவது ஒரு வார்த்தை சொல்லேன்." பதில் வராததால் குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டார். பழக்கதோஷம், விரல் நகத்தால் சுரண்டவும் ஆரம்பித்தார். "இது ஒண்ணுமில்லம்மா. ரெண்டு தண்ணில போயிடும்."

அந்த அம்மா அவர் கையை விலக்கிவிட்டார். கைப்பையைத் திறந்து துழாவி, ஒரு சிவப்புச் சீட்டையும் ஊக்கையும் எடுத்தார். சேறு எங்கே கனமாக அப்பியிருந்ததோ அங்கே, இடது மார்பில், சட்டையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக் குத்தினார். ஊக்கு உடம்பில் படாதபடி நம்மவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.