சம்பந்தியிடம் ஷோ கேட்காதவர்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தரகு பார்த்த துரைக்கண்ணுவுக்குக் குடி கிடையாது, வெற்றிலை கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மண்டிக்குப் பின்னால் காலிச் சாக்கை விரித்து மூணு சீட்டு ஆடுவார். கூட ஆடுவது ஓமந்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரும் முருகையனும், சைக்கிள் கடை பெரியதம்பியும். பெரியதம்பி மற்ற இருவருக்கும் இளையவன். வைப்பது சில்லறைதான், வீம்புதான் மலையளவு.

ஆளுக்கு மூன்று சீட்டு. பந்தயம் ஏற ஏற, பயந்தவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கடைசியில் மிஞ்சும் இருவரில் ஒருவர் ‘ஷோ’ கேட்டால் சீட்டுகளைத் திறந்து காட்ட வேண்டும். பெரிய சீட்டு ஜெயிக்கும்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் துரைக்கண்ணு தன் ஒரே மகள் அம்சவள்ளியை முருகையன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். அங்கேதான் பிடித்தது சனியன். பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து “சீட்டைக் காட்டு” என்று எந்த வாயால் கேட்பார்? முருகையனும் லேசுப்பட்ட ஆளா? பாயசம் ஆறிப்போச்சு என்று கல்யாணப் பந்தியிலேயே இலையை மடித்தவர். இங்கே அவரைத் தோற்கடித்தால் அங்கே மகள் அடுப்படியில் கண்ணைக் கசக்குவாளே என்று துரைக்கண்ணுவுக்குப் பயம். சம்பந்தி பந்தயத்தை ஏற்றினால் போதும், இவர் கவிழ்த்துவிடுவார். பெரியதம்பியிடம் மட்டும் பழையபடி விடாப்பிடி. சம்பந்தியிடம் விட்டதையெல்லாம் அவனிடம் பிடித்தார்.

“ரெண்டு பேரும் கூட்டு சேந்துக்கினு என்னை மொட்டையடிக்கிறீங்களாண்ணே?” என்று ஒருநாள் பெரியதம்பி கேட்டேவிட்டான்.

“எம்பொண்ணு மேல சத்தியமா இல்லப்பா!”

சத்தியம் பொய்யில்லை. இருவரும் ஒரு வார்த்தை பேசிவைத்ததில்லை. ஆனால் பேசிவைத்து ஆடினாலும் பெரியதம்பிக்கு இதே கதிதானே? அது துரைக்கண்ணுவுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. பெரியதம்பி முதலிலேயே விலகிவிட்டான். முருகையன் பந்தயத்தை ஏற்றினார். துரைக்கண்ணு வழக்கம்போலக் கவிழ்த்தார். பெரியதம்பி சட்டென்று கை நீட்டி அந்தச் சீட்டுகளைப் புரட்டிப் போட்டான். மூன்றும் ஏஸ். அதை அடிக்க ஆட்டத்தில் வேறு சீட்டே கிடையாது.

“அடப்பாவி! இத்தயா கவுத்தீங்க? அவருக்கு மரியாதை, எனக்குப் பட்டை நாமம்!”

முருகையனின் முகம் கறுத்துவிட்டது. “அப்போ நான் இத்தினி நாளா ஜெயிச்சதெல்லாம் நீங்க போட்ட பிச்சையா சம்பந்தி?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் வண்டியேறினார். பெரியதம்பியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போச்சு, மகள் வாழ்க்கை போச்சு என்று துரைக்கண்ணு மறுநாளே பூவும் பழமுமாக ஓமந்தூருக்கு பஸ் ஏறினார். சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கும்போதே உள்ளே மகளின் சத்தம் கேட்டது.

“வெட்டிட்டேன் மாமா! எடுங்க காயை!”

கூடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, மாமனாரும் மருமகளும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். முருகையன் இவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வெட்டுப்பட்ட காயைச் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார்.

மகள் தண்ணீர் கொண்டுவந்தபோது துரைக்கண்ணு கிசுகிசுத்தார். “மாமனார் காயைப் போயி வெட்டறியே, கோவிச்சுக்க மாட்டாரா?”

“வெட்டாம வுட்டாதாம்பா கோவம் வரும். வுட்டுக்குடுத்து ஆடறவங்க கூட ஆடவே மாட்டேன்னு மொத நாளே சொல்லிட்டாரு.”

துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். சம்பந்திக்கு இவர் விட்டுக்கொடுத்தது வேண்டியிருக்கவே இல்லை. அப்படியானால் இத்தனை நாளும் வயிறெரிந்து போனவன் பெரியதம்பி ஒருவன்தான். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்!

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சைக்கிள் கடைக்குப் போனார். பெரியதம்பி டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

“ஞாயித்துக்கெழம வாப்பா. இனிமே சம்பந்திகிட்டயும் ஷோ கேக்கறேன்.”

“நீங்க கேப்பீங்கண்ணே,” என்றான் பெரியதம்பி. “நான் நம்பணுமே.”