ஆறுதல் சொல்லக் கூடாத மேசை

தினமும் காலையில் நூலகத்தைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை, மேசைமேல் இருக்கும் சின்னப் பலகையைத் துடைத்து நிமிர்த்தி வைப்பது. 'இங்கே மருத்துவ ஆலோசனை வழங்கப்படுவதில்லை' என்று அதில் எழுதியிருக்கிறது. அயர்லாந்தில் மழை ஓயாத ஒரு சிறு நகரத்தின் ஆஸ்பத்திரி நூலகம் இது. டாக்டர்களும் நர்சுகளும் கேட்கிற ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிக் கொடுப்பது என் வேலை. சில சமயம் நோயாளியின் வீட்டாரும் வருவார்கள். அவர்களுக்கும் தாளை எடுத்து நீட்டலாம். நம் வாயால் ஒரு முடிவு சொல்லிவிடக் கூடாது. வந்த புதிதில் இந்தப் பலகையைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவரே நாலு பேருக்கு வைத்தியம் சொல்லுவார். ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்திருப்பவள் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலைக்கனம் என்று பேசுவார்கள்.

வேலை நிரந்தரமாக வேண்டுமானால் மருத்துவ நூலகர்களுக்கான தொடர்கல்வி ஒன்றை முடிக்க வேண்டும் என்றார்கள். எல்லாமே கணினி வழியாக. எனக்குப் பயமில்லை. நான் நூலகப் படிப்பு படித்ததே தபால் வழியில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேரடி வகுப்பு நடக்கும். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். என்னைக் கொண்டுபோய் விடுவது அத்தான், என் அக்காவின் கணவர். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடித்துத் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். வகுப்பு முடியும்வரை வண்டிமேலேயே சாய்ந்து கண்ணயர்வார், நடுநடுவே இருமிக்கொண்டு. பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவர் இருமாமல் வேறு யார் இருமுவார் என்று நாங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பரீட்சையன்று உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். "ஏட்டி, ஒண்ணும் ஆவாது. போய் எழுது" என்றார். போய் எழுதினேன்.

இங்கே பெஞ்சும் கிடையாது, வண்டியும் கிடையாது. அடுக்களை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு படித்தேன். தேடுவது, வடிகட்டுவது, எந்தக் கட்டுரையை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவது எல்லாம் நன்றாகவே வந்தது. கவிழ்ந்தது ஒரே இடத்தில். நூலகத்துக்கு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரு தேர்வு. திரையில் ஒரு பெண்மணி, நோய்ப்பட்ட பையனின் தாயாக நடித்தார். நடிப்பு என்று தெரிந்தும், அவர் கண் கலங்கியதும் என் வாய் தானாகத் திறந்தது. "டோன்ட் வொரி, உங்கள் பையனுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஆசிரியர் நிறுத்தினார். "ஹவ் டு யூ நோ?" என்றார். மெய்யாகவே கேட்கிறார் என்று நினைத்து, "எனக்குத் தெரியாது. அதனால்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. 'ஃபால்ஸ் ரீஅஷூரன்ஸ்', அதாவது பொய் ஆறுதல் என்று குறித்து, திரும்பவும் தேர்வு எழுதச் சொன்னார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஊர்க்காரர்கள் மட்டும் என்ன? பஸ்ஸைத் தவறவிட்டு நனைந்துகொண்டு நின்றாலும் பக்கத்தில் நிற்பவர் "யூ வில் பி கிராண்ட்" என்கிறார், நம் 'ஒன்றும் ஆகாது' மாதிரி. அதை ஆசிரியரிடமே கேட்டேன். அது பேச்சுக்குச் சொல்வது என்றார். நானும் பேச்சுக்குத்தானே சொன்னேன் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றார் அவர். யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. இங்கே நர்சாக இருக்கும் என் வீட்டுக்காரர், சாப்பிடும்போதெல்லாம் நோயாளியாக நடித்துப் பழக்கிவிட்டார். 'உங்களுக்குக் கவலையாக இருக்கும். நான் தகவல் தேடித் தருகிறேன். டாக்டரிடம் கேளுங்கள்.' இதற்கு மேல் வாய் நீளாமல் பழகினேன். இரண்டாம் முறை தேறிவிட்டேன். நம் ஊர் நாக்கை வழிக்குக் கொண்டுவர என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்று வெளிநாட்டுக்கு வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு, மலைமேல் பெருமாள் கோயில்; அந்தப் புரட்டாசியில் அக்காவும் அத்தானும் அங்கே சேவிக்கப் போனார்கள். வருஷா வருஷம் விறுவிறுவென்று ஏறுகிறவர், பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம். மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். அக்கா அந்த ரிப்போர்ட்டைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். எனக்குத் தெரிந்தது தேடுவது, தேடினேன். படித்த படிப்பெல்லாம் அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கைகொடுத்தது. எடுத்த கட்டுரைகள் எல்லாம் ஒன்றையே சொல்லின. நுரையீரல் இறுகிக்கொண்டே போகும். இறுகியது திரும்ப இளகாது. மருந்து அதை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். நூலகத்தில் ஆளில்லை. போனைப் பலகையின் முதுகில் சாய்த்து வைத்தேன்.

"பாத்தியாட்டி? அவியளுக்கு என்னன்னு போட்டுருக்கு?"

"பாத்தேன்க்கா. டாக்டர்ட்ட என்னென்ன கேக்கணும்னு எழுதி அனுப்புதேன்."

"அவரு இங்கிலீஷ்ல படபடன்னு சொல்லிட்டுப் போயிருதாரு. எங்களுக்கு என்ன வெளங்குது? நீ ஆஸ்பத்திரியிலதான இருக்க, நீ சொல்லு. சரியாப் போயிருமா?"

அவளுக்குப் பின்னால் கட்டிலில் அத்தான் தெரிந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "அங்க... எம்புட்டு மழை?" என்று கேட்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்செடுத்தார். கொட்டுது அத்தான் என்றேன்.

"சொல்லுட்டி" என்றாள் அக்கா.

பிறந்ததிலிருந்து தெரிந்த வார்த்தை ஒன்று என்னிடம் இருந்தது. அந்தக் கட்டுரைகளைப் படிக்காதிருந்தால் அதை முந்திக்கொண்டு சொல்லியிருப்பேன். பாடுபட்டுக் கற்ற வாக்கியங்களும் இருந்தன; அவற்றை அக்காவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு படித்து, அத்தானுக்கு ஒரு மூச்சுக்கூட என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு போனோடு எழுந்து தெருவாசலுக்கு வந்து கதவைச் சாத்தினாள். டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சரிட்டி, அழுவாத" என்றாள். "சொந்தபந்தம் இல்லாத ஊர்ல பயந்துக்கிட்டுக் கெடக்காத. ஒண்ணும் ஆவாது."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சொன்னாள்.

நிமிர்ந்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் வயதான ஓர் அம்மா, கையில் துண்டுச் சீட்டோடு, பலகையில் இருப்பதை வாசித்துவிட்டு நின்றார். இந்தப் பக்கம், அதே பலகையில் சாய்ந்தபடி, போனுக்குள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு பேருமே என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.