நிக்கானோரின் பழக்கூடை

அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள படகோனியாவில் இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிற நிக்கானோருக்கு ஒரு வழக்கம் உண்டு. பயணம் முடிந்ததும் ஆளுக்கொரு கலஃபாத்தே பழம் கொடுப்பார். அதைத் தின்றவர் திரும்பி வந்தே தீருவார் என்பது ஊர் நம்பிக்கை. பிறந்ததிலிருந்து தின்றதால்தான் அவர் ஊரைத் தாண்டியதேயில்லை என்பாள் மனைவி.

இந்த முறை தலைநகர் பியூனோஸ் அயர்ஸிலிருந்து ஒரு கனவான் வந்திருந்தார். பனியாறு படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாம். ஏரி அளவுக்கு மீறி நீலமாம். இந்தக் காற்றை யாரும் நிறுத்தமாட்டீர்களா என்று வழிநெடுக உயிரை வாங்கினார்.

கடைசியில் எல்லாருக்கும் பழம் கொடுத்த நிக்கானோர், கனவானிடம் வந்ததும் கூடையை மூடிக்கொண்டார்.

"ஏம்ப்பா, எனக்கு?"

"வேணாம் சார். தின்னுட்டு நீங்க திரும்பி வந்துட்டா, நாங்க எங்க ஓடுறது?"