விழுந்தவனை எடுக்கும் விதி

மேசையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கு நான் எழுதிய விதிகள் பதினாறு பக்கம். இரண்டு வருட உழைப்பு. அதை ஆடிப் பார்க்க எனக்கு இருந்த ஒரே ஆள் என் அக்கா வீட்டுக்காரர். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பு நான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விதிப் புத்தகத்தை அளவெடுத்தே அலுத்துப்போய் மூன்றாவது சுற்றிலேயே மூடிவைத்து, "இது சண்டையா, சர்வேயா?" என்று எழுந்து போனவர். என்னுடையதற்கும் எழுந்து போனால், இந்த வட்டாரத்தில் எனக்கு வேறு நாதி கிடையாது.

அந்த ஞாயிறு காலை ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா வீட்டுக்குப் போனேன். மடியில் செருப்பு டப்பா. உள்ளே கட்டைவிரல் உயரத்தில் எண்பது சிப்பாய்கள், நான் வேலை பார்க்கும் ஆலையின் பேண்டேஜ் துணித் துண்டுகளில் சுற்றிக் கிடந்தார்கள். பாதிப் பேர் பாளையக்காரர் படை, பாதிப் பேர் கும்பெனிப் படை. வண்ணம் பூசியது நான்தான், மீசைகூட வைத்திருந்தேன்.

மாடி அறை மேசையில் பச்சைத் துணி விரித்தோம். நீல ரிப்பன்தான் ஓடை, அட்டைப் பெட்டிதான் பாளையக்காரர் கோட்டை. என் விதிகளின் பெருமையே வேகம்: மதியச் சாப்பாட்டுக்குள் சண்டை முடிந்துவிடும். அத்தான் பாளையக்காரர் பக்கம். நான் கும்பெனி, யாராவது அதுவாக இருந்துதானே ஆகவேண்டும்.

மூன்றாவது சுற்றில் என் பீரங்கிக்குப் பகடையில் ஆறு விழுந்தது. ஓடைக்கரையில் அவர் ஆட்கள் ஐந்து பேர் காலி. எடுத்து டப்பாவில் போடக் கை நீட்டினேன்.

"தொடாத. கெடக்கட்டும்."

"செத்தவன் டப்பாவுக்குப் போயிரணும் அத்தான். நாலாம் பக்கம் பாருங்க."

"தானாவா போவான்?" என்றார்.

அவர் முறை வந்தது. என் பீரங்கி காவலில்லாமல் நின்றது. பாய்ந்திருந்தால் அவருக்குத்தான் வெற்றி. அவரோ விழுந்த ஒவ்வொருவனுக்கும் இரண்டு பேரை அனுப்பி, டேப்பால் அளந்து அளந்து, பின்னால் தூக்கிவரத் தொடங்கினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றேன். அக்கா வீட்டுக்காரரிடம் பேசக்கூடிய பேச்சில்லை அது. அவர் நிமிரக்கூட இல்லை.

"ஒன் முறை வந்துருச்சு. சுடு."

கை கூசியது. ஆனாலும் உருட்டினேன். தூக்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் விழுந்தார்கள்.

"அம்புட்டுத்தான். இப்பதான் சண்டை மாதிரி இருக்கு" என்று அவர்களைத் தூக்க இன்னும் நாலு பேரை அனுப்பினார்.

ஒரு மணிக்கு அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். "செத்த பொறு, இன்னும் ரெண்டு பேரு கெடக்கான்" என்று கீழே குரல் கொடுத்தார். கடைசி ஆள் துணியின் விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. அதற்குள் கோட்டை என் கையில். ஜெயித்துவிட்டேன், சந்தோஷமாகத்தான் இல்லை.

அவர் எழுந்து போகவில்லை. விழுந்தவர்களை ஒவ்வொருத்தராகப் பேண்டேஜ் துணியில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"எங்கூட புதுப்பட்டிக்காரன் ஒருத்தன் இருந்தான், மாப்ள. மலையில குண்டுபட்டு விழுந்துட்டான். நிக்காம முன்னால போங்கன்னு உத்தரவு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் போய் எடுத்தோம். லீவுல வந்தப்ப அவன் அம்மாட்ட, ஒடனே தூக்கிட்டோம், ஒரு நிமிசம்கூடத் தனியா விடலன்னு சொல்லிட்டேன்."

"வேற என்னத்தைச் சொல்ல முடியும் அத்தான்?"

"இன்னைக்கும் அந்தப் பக்கம் போனா அந்தம்மா ஒக்காரவச்சுச் சோறு போடுது. எம்புள்ளையத் தனியா விடாத புள்ளைன்னு சொல்லிச் சொல்லித்தான் போடுது."

அக்கா மூன்றாவது முறை கூப்பிட்டாள். நாலாம் பக்கத்தில், செத்தவன் டப்பாவுக்குப் போகும் அந்த விதியை அடித்துவிட்டு எழுந்தேன். அத்தான் கடைசிச் சிப்பாயைக் கையிலேயே வைத்திருந்தார்.

"எனக்கு வேணாம். நீ போய்ச் சாப்பிடு, மாப்ள" என்றார்.